எல்லைக்கோட்டின் அருகே ஒரு வைத்தியசாலை

பைரனீஸ் மலைத்தொடரின் கிழக்குப் பாகத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில், செர்டான்யா என்றொரு அகன்ற பள்ளத்தாக்கு உண்டு. அதன் ஒரு பாதி பிரான்சுக்கும் மறுபாதி ஸ்பெயினின் கற்றலோனியாவுக்கும் உரியது. இவ்விரு பாதிகளையும் பிரிக்கும் பெருமலையோ பேராறோ இடையில் இல்லை. 1659இல் இரு முடியரசுகள் செய்துகொண்ட உடன்படிக்கையே அதனை வகுந்தது. மறுவருடம் எல்லையை நிர்ணயிக்கக் கூடியவர்கள் 33 கிராமங்களைப் பிரான்சுக்கு எழுதிக் கொடுத்தனர். யிவியா என்ற ஊர் தான் கிராமமன்று, பட்டணம் என்று வாதாடி அப்பட்டியலிலிருந்து தப்பியது. அதன் பயனாக, நாற்புறமும் பிரெஞ்சு நிலம் சூழ, ஸ்பெயினுக்குரிய ஒரு தீவாக அது இன்றும் கிடக்கின்றது.

பல்கலைக்கழகத்தில் விரிவுரை செய்த காலத்தில் எல்லை என்பதைக் கரும்பலகையில் ஒரு சோக்குக் கோடாகவே நான் வரைந்து காட்டியிருக்கின்றேன். அக்கோடு எத்தனை காகிதங்களால் ஆனது என்பதை நாடு கடந்து வந்த பின்னரே கற்றுக்கொண்டேன். செர்டான்யாவில் நிகழ்ந்தது அந்தப் பாடத்தின் இன்னொரு அத்தியாயம்.

இப்பள்ளத்தாக்கின் ஸ்பானியப் பக்கத்துத் தலைநகரான புச்செர்தாவில், பிரெஞ்சு எல்லையிலிருந்து நடந்து செல்லக்கூடிய தூரத்தில், 2014 செப்டெம்பரில் ஒரு வைத்தியசாலை திறக்கப்பட்டது. இரு நாடுகள் சேர்ந்து கட்டி, சேர்ந்து நடத்தும் வைத்தியசாலைகளில் ஐரோப்பாவில் இதுவே முதலாவது. கட்டி முடிக்க 3 கோடி 10 இலட்சம் யூரோ சென்றது. அதில் 60 வீதத்தை, அதாவது 1 கோடி 86 இலட்சம் யூரோவை, ஐரோப்பியப் பிரதேச அபிவிருத்தி நிதியம் வழங்கியது. அன்றாடச் செலவில் 60 வீதத்தைக் கற்றலோனியாவும் 40 வீதத்தைப் பிரான்சும் ஏற்கின்றன.

இதன் தேவையை விளங்கிக்கொள்ள நிலத்தை அறிதல் வேண்டும். பிரெஞ்சுச் செர்டான்யாவில் வாழும் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால், அவரது நாட்டின் பெரிய வைத்தியசாலை பேர்ப்பினியோன் நகரில் இருந்தது. தூரம் ஏறத்தாழ நூறு கிலோமீற்றர். அதுவும் 1,500 மீற்றருக்கு மேற்பட்ட கணவாயைக் கடந்து, வளைந்து வளைந்து இறங்கும் மலைவீதி. பனிகொட்டும் தை, மாசி மாதங்களில் பிரசவ வேதனையோடு அவ்வீதியில் சென்ற பெண்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். எதிர்ப்பக்கத்தில், சில நிமிடத் தூரத்தில், ஸ்பெயினின் சிறிய பழைய வைத்தியசாலை ஒன்று இருந்தது. ஆனால் அது அயல்நாடு. பள்ளத்தாக்கின் இரு பாகங்களையும் சேர்த்தாலும் நிரந்தரக் குடிகள் முப்பதினாயிரம் பேர் அளவிலேயே இருப்பர். தனித்தனியே இரண்டு முழுமையான வைத்தியசாலைகளை நடத்துவதற்கு அத்தொகை போதாது. ஒன்றாகச் சேர்ந்தால் ஒன்றுக்குப் போதும். கணக்கு அவ்வளவு எளியது. ஆயினும் அக்கணக்கைப் போட்டு முடிக்க முந்நூற்றைம்பது வருடங்கள் சென்றன.

இனி அந்த நிதியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். "ஐரோப்பாவில் காசு கொட்டிக் கிடக்கிறது, எழுதிப்போட்டால் வரும்" என்று எமது சங்கங்களின் கூட்டங்களில் அடிக்கடி பேசப்படுவதைக் கேட்டிருக்கின்றேன். எழுதிப்போட்டு ஏமாந்தவர்களையும் அறிவேன். ஐரோப்பிய நாடுகளின் எல்லைப்புற மாவட்டங்கள், தத்தம் தலைநகரங்களிலிருந்து தூரத்தில் இருப்பதாலேயே பின்தங்கிப் போகின்றன என்பது நெடுநாள் முறைப்பாடு. ஜேர்மனிய, ஒல்லாந்து எல்லையிலுள்ள குரோனாவ் என்னும் ஊரை மையமாகக் கொண்டு 1958இலேயே உள்ளூர் நகரசபைகள் தாமாகக் கூடி ஓர் ஒத்துழைப்பு அமைப்பைத் தொடங்கின. பிரதேச அபிவிருத்தி நிதியம் 1975இல் உருவானது. எல்லைப்புறங்களுக்கென்றே இன்டரெக் என்னும் திட்டம் 1990இல் ஆரம்பமானது. அதன் முதலாவது கட்டத்துக்கு, அக்காலத்து எக்கு நாணயக் கணக்கில், ஏறத்தாழ நூறு கோடி ஒதுக்கப்பட்டது. 2021 முதல் 2027 வரையான ஆறாவது கட்டத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் கோடி யூரோ.

தொகை பெரிது. பெறும் வழி இலகுவானதன்று. எல்லையின் இரு புறத்திலும் பங்காளர் இருத்தல் வேண்டும். திட்டச் செலவு முழுவதையும் நிதியம் தருவதில்லை, மீதியைப் பங்காளரே தேட வேண்டும். எல்லாவற்றிலும் கடினமானது, பணம் பெரும்பாலும் பின்னரே வருகின்றது என்பதாகும். முதலில் செலவு செய்து, பற்றுச்சீட்டுக் காட்டி, கணக்காய்வு முடிந்தபின்னர் பெற்றுக்கொள்ள வேண்டும். ஆகவே நகரசபைகள், பல்கலைக்கழகங்கள், வைத்தியசாலைகள் போன்று கையில் முதல் உள்ள நிறுவனங்களே முன்னிற்கின்றன. வாடகை மண்டபத்தில் சனிக்கிழமைப் பள்ளி நடத்தும் ஒரு சங்கம் தனித்து இதில் இறங்குவது, நீந்தத் தெரியாதவர் ஆற்றில் இறங்குவதற்கு ஒப்பானது. சில பிரதேசங்களில் சிறு திட்டங்களுக்கெனத் தனி ஒதுக்கீடு உண்டு. அதற்கும் உள்ளூர் நகரசபையின் கையைப் பிடித்துக்கொண்டு போவதே புத்தி.

செர்டான்யாவில் கட்டடம் எழுந்தது. கட்டடத்தை யாருடைய பெயரில் எழுதுவது? பிரெஞ்சுச் சட்டப்படியான நிறுவனமும் ஸ்பானியச் சட்டப்படியான நிறுவனமும் ஒரே கதிரையில் எவ்வாறு அமர்வது? ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் இயற்றிய ஒரு சட்டம் இதற்கு வழி திறந்திருந்தது. இரு நாட்டுப் பொது அமைப்புகள் சேர்ந்து, தனிச் சட்ட ஆளுமை கொண்ட ஒரு கூட்டமைப்பை உருவாக்கலாம் என்பது அச்சட்டம். 2010இல் இவ்வைத்தியசாலைக்கென அத்தகைய கூட்டமைப்பு நிறுவப்பட்டது.

கதவு திறந்தபின்னர் தோன்றியவையே உண்மையான சிக்கல்கள். வைத்தியசாலை நிற்பது ஸ்பானிய மண்ணில். எனவே அங்கு பிறக்கும் குழந்தை ஸ்பெயினில் பிறந்த குழந்தை. தாயும் தந்தையும் பிரெஞ்சுக் குடிகள், வீடு பத்து நிமிடத் தூரத்தில், ஆனால் பிறப்பத்தாட்சிப் பத்திரம் அயல்நாட்டு மொழியில். அதனைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றுவதற்குப் பார்சலோனாவிலுள்ள துணைத் தூதரகத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. பிள்ளையின் பெயர் ஓர் எழுத்து மாறி எழுதப்பட்டமையால் வருடக்கணக்கில் அலைந்த பெற்றோர் எம்மவரிடையே வீட்டுக்கு ஒருவர் இருப்பர். அவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

இறப்பு அதனிலும் கடினமாயிற்று. பிரெஞ்சுப் பக்கத்து முதியவர் ஒருவர் அங்கு காலமானால், உடலை எல்லைகடந்து கொண்டு செல்வது அனைத்துலகப் பிரேதப் போக்குவரத்தாகின்றது. உலோகத் தகடிட்டு அடைத்த பெட்டி, அதற்கெனத் தனி அனுமதிப் பத்திரம் என்பன வேண்டும் என்பது ஐரோப்பிய நாடுகள் 1973இல் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் விதி. சில கிலோமீற்றர் தூரத்தில் சொந்த ஊர் மயானம். அவ்வளவு தூரத்துக்கே, ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்கு உடலை அனுப்புவோர் செய்யும் ஏற்பாடுகள் தேவைப்பட்டன. 2017இல் இரு அரசுகளும் தரைவழியாக உடல்களைக் கொண்டு செல்வது குறித்துத் தனி உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. வைத்தியசாலை திறந்து இரண்டரை வருடங்களுக்குப் பின்னர்.

வைத்தியர்களின் தகைமையும் அவ்வாறே. மலைக்கு வடக்கே கற்றவர் தெற்கே கத்தியைத் தொடுவதற்கு அங்குள்ள பதிவு வேண்டும். வார்டில் கற்றலன், ஸ்பானியம், பிரெஞ்சு என மூன்று மொழிகள். மூன்றிலும் பேசத்தக்க தாதியரைத் தேடுவது எளிதான காரியமன்று. பணத்தால் சுவர் எழுப்பலாம். கையொப்பத்துக்குப் பதிலாகப் பணத்தை வைக்க முடியவில்லை.

இப்பள்ளத்தாக்கின் புகையிரதங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரெஞ்சுப் பக்கத்து லத்தூர் த கரோல் நிலையத்தில் மூன்று அகலங்களில் தண்டவாளங்கள் வந்து முடிகின்றன. பிரெஞ்சு அகலம், ஸ்பானிய அகலம், மலையேறும் மஞ்சள் வண்டியின் ஒடுங்கிய அகலம். ஒன்றின் வண்டி மற்றொன்றில் ஓடாது. பயணிகள் பொதிகளைத் தூக்கிக்கொண்டு மேடை மாறுகின்றனர். ஐரோப்பிய ஒன்றிணைவு பற்றிய பல நூல்களைவிட அந்த நிலையம் கூடுதலாகச் சொல்கின்றது என்பேன்.

இவ்வழியாக முன்னரும் மக்கள் பொதிகளோடு வந்தனர். 1939 தை மாத இறுதியில் பார்சலோனா பிராங்கோவின் படைகளிடம் வீழ்ந்தபோது, நான்கரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சில வாரங்களில் பைரனீஸைக் கடந்து பிரான்சினுள் புகுந்தனர். அவர்களுள் ஒரு பகுதியினர் புச்செர்தா வழியாக வந்தவர்கள். பலருக்குக் கிடைத்த புகலிடம் ஆர்ஜெலேஸ் கடற்கரையில் முட்கம்பி சூழ்ந்த வெறும் மணல். அம்முகாம்களில் குழந்தைகள் மடிவதைக் கண்ட எலிசபெத் ஐடென்பென்ஸ் என்ற சுவிஸ் பெண்மணி, பேர்ப்பினியோனுக்கு அருகே எல்ன் என்னும் ஊரில் ஒரு பழைய மாளிகையைப் பிள்ளைப்பேற்று இல்லமாக்கினார். 1944 வரை ஏறத்தாழ 600 குழந்தைகள் அங்கு பிறந்தன. அகதித் தாய்மாரின் குழந்தைகள் அவை. ஐரோப்பிய நிதியமோ கூட்டமைப்புச் சட்டமோ அன்று இருக்கவில்லை. நன்கொடையும் ஒருத்தியின் பிடிவாதமும் இருந்தன.

இன்று அப்பள்ளத்தாக்கில் ஒரு தஞ்சக் கோரிக்கையாளர் வாழ்ந்தால் அவர் நிலை என்ன? பிரான்சில் தஞ்சம் கோரியவருக்கு வழங்கப்படும் சான்றிதழ், அந்நாட்டில் தங்கியிருக்க மட்டுமே இடம் தருகின்றது. வேறொரு ஐரோப்பிய நாட்டுக்குள் செல்லும் உரிமையை அது தருவதில்லை. அகதி எனத் தீர்ப்புப் பெற்று, பயண ஆவணம் கையில் உள்ளவர் எல்லையைக் கடந்து திரும்பலாம். தீர்ப்புக்காகக் காத்திருப்பவர் கடத்தலாகாது. ஆகவே எல்லையில் வாழ்வோருக்கென, எல்லையை மறப்பதற்கெனக் கட்டப்பட்ட வைத்தியசாலை, பக்கத்துத் தெருவில் நின்றாலும், அவருக்கு மட்டும் அயல்நாடாகவே இருக்கின்றது. எமது வாசகர்களில் எல்லை நகரங்களில் வசிப்போர் பலர். உறவினர் வீட்டுச் சாமத்தியச் சடங்குக்கென அக்கரை சென்று, திரும்பும்போது புகையிரதத்தில் சோதனைக்கு உட்பட்டு வழக்கைச் சிக்கலாக்கிக்கொண்டோரை நான் அறிவேன். கையிலுள்ள காகிதம் எதற்கு இடம் தருகின்றது என்பதைச் சட்டத்தரணியிடம் கேட்டறிந்த பின்னரே புறப்படுங்கள்.

அவரை முன்னிட்டு உள்ளூர்வாசிகளின் வழியும் அடைபட்டதுண்டு. பயங்கரவாதத்தையும் சட்டவிரோதக் குடிவரவையும் காரணம் காட்டி, 2021 ஜனவரியில் பிரெஞ்சு அரசு கிழக்குப் பைரனீஸின் சில சிறிய எல்லை வீதிகளை மூடியது. பன்யூல்ஸ் கணவாய் வீதியில் பெருங்கற்கள் போடப்பட்டன. இருபுறத்துக் கிராமத்தவரும் மீண்டும் மீண்டும் ஒன்றுகூடி அக்கற்களை அகற்றினர். அதிகாரிகள் மீண்டும் தடை வைத்தனர். திராட்சைத் தோட்டக்காரரும் இருபக்கமும் உறவு கொண்ட குடும்பத்தினரும் மூன்று வருடங்கள் சுற்றுவழியில் சென்றனர். 2024 பெப்ரவரியிலேயே அவ்வீதி மறுபடி திறக்கப்பட்டது.