உடையில் முத்திரை இருந்தால் போதுமா?

1982இல் ரோம் நகரில் நடந்த உலக வாள்வீச்சுப் போட்டியில், எதிராளியின் வாள் முறிந்து முகக்கவச வலையைத் துளைத்ததில் ஒலிம்பிக் சாம்பியன் விளாதிமிர் ஸ்மிர்னோவ் படுகாயமடைந்து, சில நாட்களில் உயிரிழந்தார். இன்றுள்ள கடுமையான தரவிதிகள் அந்த மரணத்தின் தொடர்ச்சியே.

முழு வாளின் முனை மழுங்கலானது. முறிந்த வாளோ ஈட்டிக்கு நிகர். அதனால்தான் சர்வதேசப் போட்டிகளில் மேலுடை 800 நியூட்டன் விசையையும், முகக்கவசத்தின் கழுத்துத் துணி 1,600 நியூட்டன் விசையையும் தாங்க வேண்டும் என்பது விதி. ஐரோப்பியத் தரத்தின் முதல் நிலைக்கு 350 போதும்.

ஆனால், துளைத்துச் சோதிக்கப்படுவது மாதிரித் துணிதான். நாம் அணியும் உடை அன்று. ஒரு தொகுப்பின் நெசவிலோ தையலிலோ குறை இருப்பது பின்னர் தெரியவந்தால், உடைகளைத் திரும்பப் பெறுவதே வழி. அந்த அறிவிப்பு முதலில் வாங்கியவரைத் தேடிச் செல்லும். உடையோ அதற்குள் இரண்டு சிறுவர்களிடம் கைமாறி, பயிற்சிக்கூட அலமாரியில் பொதுச்சொத்தாகத் தொங்கிக்கொண்டிருக்கும். சலவையில் அதன் சீட்டும் அழிந்திருக்கலாம். (கெவ்லார் இழை கலந்த துணியை வெளுப்பான் வலுவிழக்கச் செய்யும் என்பது தனிக்கதை.)

ஒவ்வோர் உடையின் தொகுப்பு எண்ணையும் வாங்கிய ஆண்டையும் பயிற்சிக்கூடங்கள் பதிவேட்டில் குறித்து வைப்பதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பேன். அதற்கு ஆகும் செலவு ஒரு நோட்டுப் புத்தகத்தின் விலை.