கழிப்பறைப் பழுது: செலவு எங்கே கூடுகிறது?

கழிப்பறையில் பழுது என்றதும், பிளம்பர் எவ்வளவு கேட்பாரோ என்ற கவலைதான் முதலில் வருகிறது. அதற்கு முன் பழுது எந்த இடத்தில் என்று தெரியவேண்டும். பிளஷ் டேங்க்கில் என்றால் பெரும்பாலும் சில நூறு ரூபாயோடு முடியும். தரைக்கு அடியில் என்றால் ஆயிரக்கணக்கில் போகும். குழி வரை போய்விட்டால் புதிதாகக் கட்டும் செலவை நெருங்கிவிடும்.

பிளஷ் டேங்க்கில் தண்ணீர் ஓயாமல் ஓடினால் மிதவை வால்வோ, அடியிலுள்ள ரப்பரோ தேய்ந்திருக்கும். டேங்க் தண்ணீரில் கொஞ்சம் சொட்டு நீலம் கலந்துவிட்டு, அரைமணி நேரம் பிளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பையில் நீலம் இறங்கியிருந்தால் கசிவு உறுதி. தேய்ந்த பாகத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். முழு டேங்க்கையும் மாற்றவேண்டிய தேவை அநேகமாக இருக்காது.

தரைக்கு அடியில் நிலைமை வேறு. கோப்பையும் குழாயும் சேரும் இடத்தில் விரிசல் விட்டால், கீழ்வீட்டுக் கூரையில் ஓதம் தெரியும். அங்கே பொருளின் விலை சிறிது, கூலிதான் பெரிது. கொத்தனாரும் சித்தாளும் தரையை உடைக்க, பழைய கோப்பையும் பெரும்பாலும் சேர்ந்து உடையும். அதே டைல்ஸ் கடையில் கிடைக்காது. ஆகவே உடைக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். யாரும் புழங்காத நேரத்திலும் ஓதம் ஏறிக்கொண்டே இருந்தால் தண்ணீர் வரும் குழாயைச் சந்தேகிக்கலாம். புழங்கும்போது மட்டும் கூடினால் கழிவுக் குழாய்.

அடைப்பு என்றால் வெளியே உள்ள சேம்பர் மூடியைத் திறந்து பாருங்கள். சேம்பர் நிரம்பி நின்றால் அடைப்பு அதற்கு அப்பால். காய்ந்திருந்தால் கோப்பைக்கும் சேம்பருக்கும் நடுவில். இது தெரிந்தாலே பாதி வேலையும் பாதிக் கூலியும் மிச்சம். அடிக்கடி அடைத்தால் குழாய்க்கு வாட்டம் போதாமல் இருக்கலாம்; அப்படியானால் எத்தனை முறை குத்திவிட்டாலும் தீராது. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் மட்டும் சேர்த்து ஊற்றிவிடாதீர்கள். அதில் கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும்.

குழிக்கு வருவோம். செப்டிக் டேங்க்கை இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சுத்தம் செய்யவேண்டும். இருபது ஆண்டாக எடுக்கவே இல்லை என்று பெருமைப்படும் வீடுகளில் கழிவு நிலத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கலாம். பக்கத்துக் கிணற்றைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. அடைமழைக் காலத்தில் டேங்க் திடீரென நிரம்பினால் நிலத்தடி நீர் ஏறியிருக்கக்கூடும். அப்போது கழிவுநீர் லாரியை அழைத்தால் ஓரிரு நாளில் மீண்டும் நிரம்பும், பணம்தான் வீண்.

கிராமங்களில் உள்ள இரட்டை உறைக்குழிகளுக்கு லாரியே தேவையில்லை. ஒரு குழி நிரம்பியதும் கழிவை மற்றதற்குத் திருப்பிவிட்டால், நிரம்பியது சுமார் இரண்டு ஆண்டில் மக்கி உரமாகும். ஆனால் பிரிக்கும் தொட்டியில் ஒரு வழியை அடைக்காமல் விட்டதால் இரண்டும் ஒன்றாக நிரம்பிய வீடுகள் உண்டு. ஒரு செங்கல்லும் கொஞ்சம் பூச்சும் போதும், அதைத் தவிர்க்க.

2014-ல் தொடங்கிய தூய்மை இந்தியா திட்டம் ஊரகத்தில் ஒரு வீட்டுக் கழிப்பறைக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை வைத்தது. அது கட்டுவதற்கான பணம். கதவு துருப்பிடித்து, உறை சரிந்த பிறகு ஆகும் செலவு குடும்பத்தின் தலையில் விழுகிறது. கூலி வேலை செய்பவர் அதற்குப் பணமில்லாமல் மீண்டும் வெளியே போவது அவர் குற்றமல்ல. பழுதுபார்க்கவும் அரசு பணம் ஒதுக்கியே ஆகவேண்டும்.

செலவைக் குறைக்கக் கூடாத இடமும் ஒன்று உண்டு. லாரிக்குக் கொடுப்பதில் பாதி கொடுத்தால் ஆளே இறங்கி அள்ளிவிடுவார் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். டேங்க்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு நொடிகளில் மயக்கமடையச் செய்யும். காப்பாற்ற இறங்குபவரும் சாகிறார். பாதுகாப்புக் கவசமின்றி ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஒப்பந்தக்காரர் மூலம் இறக்கினாலும் வீட்டுக்காரர் தப்ப முடியாது. கழிவுநீர் லாரிக்கு 14420 என்ற எண்ணை அழையுங்கள்.