மராமத்து வேலைக்கும் சீட்டு வேண்டும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார் என்றனர் பெரியோர். கட்டிய வீட்டை மராமத்துச் செய்து பார் என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையால் வியாசர்பாடியில் பல வீடுகளில் வெள்ளம் புகுந்தது. சில மாதங்கள் கழித்து அங்கே அங்கத்தினர் ஒருவரின் இல்லத்திற்கு நாம் சென்றபோது, அவரும் மேஸ்திரியும் வாசலில் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தனர். கூடத்துச் சுவர்ப் பூச்சுக்கும், மேல்தளத்தில் தட்டோடு பதிப்பதற்கும் 50,000 ரூபாய் என்று பேச்சு. வேலை நடக்கையில், "சமையலறையையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள், மேஸ்திரி" என்றார் வீட்டுக்காரர். "ஆகட்டும்" என்றார் மேஸ்திரி. தொகையை இருவருமே பேசவில்லை. முடிவில் மேஸ்திரி 18,000 ரூபாய் கூடுதலாகக் கேட்டார். அதுவும் பேசிய தொகையில் அடக்கம் என்றார் வீட்டுக்காரர். ஒருவர் கடன் வாங்கி வீட்டைச் செப்பனிட்டவர். மற்றவர் கைப்பணத்திலிருந்து சித்தாள்களுக்குக் கூலி கொடுத்தவர். இருவரில் எவரும் பொய்யர் அல்லர்.

"கையெழுத்தில்லாத கணக்குச் செல்லுமோ?" என்று வீட்டுக்காரர் நம்மை வினவினார். செல்லும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி இத்தகைய வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே. தொகை பேசாத வேலைக்கும் அச்சட்டத்தின் 70ஆம் பிரிவு வழி சொல்கிறது. இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் செய்த வேலையின் பலனை மற்றவர் ஏற்று அனுபவித்தால், அதற்கு ஈடு செய்ய அவர் கடமைப்பட்டவர்.

இதற்குப் புகழ்பெற்ற வழக்கு ஒன்று உண்டு. 1944இல் வங்காளத்து ஹூக்ளி ஜில்லாவில், அரசின் சிவில் சப்ளை இலாகாவிற்காக அதிகாரிகள் கேட்டுக்கொண்டபடி பி. கே. மண்டல் நிறுவனத்தார் கட்டடங்கள் எழுப்பினர். சட்டம் கோரிய முறைப்படி ஒப்பந்தம் எழுதப்படவில்லை என்று அரசு பணம் தர மறுத்தது. 1961 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு நிறுவனத்தார் பக்கமே தீர்ப்பளித்தது. வேண்டாமென்றால் வேலையை மறுத்திருக்கலாம். ஏற்று அனுபவித்தபின் ஈடு தரவேண்டும் என்பதே அதன் சாரம். ஆயினும் அவ்வுரிமை நிலைபெறப் பதினேழு ஆண்டுகள் சென்றன. நம் மேஸ்திரியால் அத்தனை காலம் காத்திருக்க இயலுமா?

மேஸ்திரிக்கும் ஒன்று சொன்னோம். பணம் தரும் நாள் குறிக்காத வேலைக்கு, அது முடிந்த மூன்றாண்டுக்குள் வழக்குத் தொடுக்கவேண்டும். ஆனால் எவ்வளவு வேலை, என்ன கூலி என்பதை ருசுப்பிக்கும் பாரம் கேட்பவரையே சாரும்.

பின்னர் மூவரும் அளவு நாடாவுடன் சமையலறைக்குள் சென்றோம். கூடத்துப் பூச்சுக்கான அதே சதுர அடிக் கூலியில் கணக்கிட்டதில் 12,000 ரூபாய் வந்தது. இருவரும் ஒப்பினர். தொகை பெற்றதற்கு மேஸ்திரி ரசீது எழுதினார். அவ்வீட்டு வேலையில் எழுதப்பட்ட முதல் காகிதம் அதுவே.

அங்கத்தினர்களே! நெசவாளிக்குக் கொடுக்கும் நூலை எடை போட்டுப் பாஸ் புத்தகத்தில் பதிகிறோம். விளைச்சலை நிறுத்துச் சீட்டுப் பெறுகிறோம். அது அவநம்பிக்கையா? வீட்டு வேலைக்கும் அரைத்தாள் போதும். இன்ன வேலை, இன்ன அளவு, சிமெண்டு யாருடையது, கூலி எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, மீதி எப்போது என்று எழுதி, இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்க. நடுவில் ஒரு வேலை கூடினால், கரணை எடுக்குமுன் அதே தாளில் ஒரு வரி சேர்த்திடுக. "இதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்" என்ற சொல்லில்தான் பெரும்பாலான தகராறுகள் பிறக்கின்றன.

எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?