அல்வா ருசிக்குத் தண்ணீர்தான் காரணமா?

திருநெல்வேலி அல்வாவின் ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்பதை இந்த வட்டாரத்தில் யாரும் கேள்வியாகக் கேட்பதில்லை, பதிலாகவே சொல்கிறார்கள். ஆனால் டீக்கடை பெஞ்சில் அந்தப் பதில் அவ்வளவு லேசாகத் தப்பித்துவிடாது. "வேற ஊர்ல கிண்டுனா இந்த ருசி வராது வே, எல்லாம் ஆத்துத் தண்ணி" என்று ஒருவர் சொன்னால், "எங்க வீட்டுக் குழாய்லயும் அதே ஆத்துத் தண்ணிதான வருது, எங்க வீட்டு அல்வா மட்டும் ஏன் அண்ணாச்சி கோந்து மாதிரி ஒட்டுது?" என்று அடுத்தவர் மடக்குவார். "மெட்ராஸ்ல கடை போட்டவன் என்ன, லாரியிலயா தண்ணி கொண்டு போறான்?" என்று மூன்றாவது குரல் வரும். எல்லாரும் சிரிப்பார்கள், பேச்சு வேறு பக்கம் போய்விடும். அந்தச் சிரிப்போடு விட்டுவிடக் கூடாத விஷயம் இது. தண்ணீர் ஒன்றாக இருந்தும் ருசி வேறாகிறது என்று காட்டுவது முதல் கிண்டல். தண்ணீர் வேறாக இருந்தும் வியாபாரம் நடக்கிறது என்று காட்டுவது இரண்டாவது. ஒரு காரணத்தைச் சோதிக்க விஞ்ஞானி முதலில் தேடுவதும் இந்த இரண்டு நிலைகளைத்தான். நம்முடைய நையாண்டிப் பேச்சில் ஆராய்ச்சியின் பாதி ஏற்கெனவே இருக்கிறது என்பது என் கட்சி. மீதிப் பாதி, நாம் சொன்னது தோற்கக்கூடிய ஒரு சோதனையை நாமே ஏற்பாடு செய்வது. அதைத்தான் நாம் செய்வதில்லை. அல்வா விஷயத்தில் மட்டுமல்ல.

அல்வாவுக்குள் தண்ணீர் எங்கெங்கே நுழைகிறது என்று முதலில் பார்க்கலாம். சம்பா கோதுமையை ஊறவைக்கத் தண்ணீர், ஆட்டிப் பால் பிழியத் தண்ணீர், பாகுக்குத் தண்ணீர். பிழிந்த பாலை அசையாமல் வைத்தால் மாவு அடியில் தங்கும்; மேலே தெளிந்து நிற்கும் நீரை இறுத்துவிடுவார்கள். கிண்டக் கிண்ட மிச்சத் தண்ணீர் ஆவியாகிப் போகும், அதில் கரைந்திருந்த உப்புகள் போகாது. தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் கோதுமையின் பசைப் புரதத்தை இறுக்கும் என்பது ரொட்டி சுடுகிறவர்களுக்குத் தெரிந்த சங்கதி. பால் தெளிகிற நேரத்தில் நுண்ணுயிர்கள் அதை லேசாகப் புளிக்கவைக்கவும் கூடும். ஆகவே தண்ணீருக்குப் பங்கே இல்லை என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதோடு போட்டி போடுகிற காரணங்களையும் வரிசையில் நிறுத்த வேண்டும்: நெய்யின் தரம், எந்தப் பதத்தில் எவ்வளவு நெய் விடுகிறார்கள் என்பது, தீயின் அளவு, வருஷக்கணக்காகக் கிண்டிப் பழகிய கை. இவற்றையெல்லாம்விட அதிகம் கவனிக்க வேண்டியது சூடு. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடையில் சாயங்காலம் வாங்குகிறவர், இலையில் நெய் வழியச் சுடச்சுடச் சாப்பிடுகிறார். ஆறின அல்வாவில் மாவுச்சத்தின் இழைகள் மறுபடி இறுகும், நெய் உறையும், வாயில் கரைகிற விதமே மாறிவிடும். "அங்கே சாப்பிட்டது மாதிரி இல்லையே" என்று சென்னையில் பார்சலைப் பிரிக்கிறவர் சொல்வது நிஜம்தான். ஆனால் அவர் ஒப்பிடுவது இரண்டு தண்ணீரை அல்ல, சூடான அல்வாவையும் ஆறின அல்வாவையும்.

ஆற்று நீரில் தாமிரம் கலந்திருப்பதால்தான் அந்த ருசி என்று இன்னும் ஒரு படி மேலே போகிறவர்கள் உண்டு. இதை எண்ணைக் கொண்டு பார்த்துவிடலாம். குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் வரை தாமிரம் இருக்கலாம், வேறு வழியில்லாதபோது 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 2 மில்லிகிராம். நாக்கு கண்டுபிடிக்கும் அளவுக்குத் தாமிரம் ஏறினால் அந்த நீர் கசக்கும், உலோக வாடை அடிக்கும். அதாவது அல்வாவில் தெரிகிற அளவுக்குத் தாமிரம் இருந்தால் அது அல்வாவைக் கெடுத்திருக்கும். தெரியாத அளவுக்கு இருந்தால் ருசிக்கு அது காரணம் ஆகாது. தண்ணீர் என்ற பொதுக் கருத்து பிழைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. தாமிரம் என்ற குறிப்பான கருத்துக்கு அந்த இடமும் இல்லை.

மிச்சமிருக்கும் பொதுக் கருத்தை எப்படிச் சோதிப்பது? இதற்கு வழிகாட்டியதும் ஒரு டீ நேரத்து வாய்ப்பேச்சுதான். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1920களில் வேலை பார்த்த முரியல் பிரிஸ்டல் என்ற பாசியியல் அறிஞர், கோப்பையில் முதலில் பால் ஊற்றினார்களா டீ ஊற்றினார்களா என்பதைக் குடித்தே சொல்லிவிடுவேன் என்றார். கூட இருந்த புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் அதை உதறித் தள்ளாமல், எட்டுக் கோப்பை, நாலு இப்படி நாலு அப்படி, வரிசை தெரியாதபடி கலந்து கொடுத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டார். எட்டில் நாலைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள். குருட்டாம்போக்கில் எல்லாமே சரியாக அமைய 70-ல் ஒரு வாய்ப்புத்தான். நாலில் மூன்றாவது சரியாக அமைவதற்கோ 70-ல் 17 வாய்ப்பு, ஏறக்குறைய கால்வாசி. ஒரே ஒரு பிசகில் சாட்சியத்தின் பலம் அப்படி இறங்கிவிடுகிறது. 1935-ல் வெளிவந்த தன் புகழ்பெற்ற நூலில் ஃபிஷர் இதை ஒரு அத்தியாயமாகவே எழுதினார். அந்த அம்மா எத்தனையைச் சரியாகச் சொன்னார் என்பதை அதில் அவர் எழுதவில்லை. முடிவைவிட, முடிவு எட்டப்பட்ட விதம்தான் அவருக்குப் பெரிது. அல்வாவுக்கும் இதையே செய்யலாம்: ஒரே மூட்டைக் கோதுமை, ஒரே டின் நெய், ஒரே அடுப்பு, ஒரே கை, தண்ணீர் மட்டும் வேறு. கிண்டுகிறவருக்கும் எது எந்தத் தண்ணீர் என்று தெரியக் கூடாது. தெரிந்தால் ஊர்ப்பற்று கரண்டியில் இறங்கிவிடும். இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ஆற்றுநீரில் ஒரு சட்டி, வேறு நீரில் ஒரு சட்டி கிண்டி, ஒவ்வொன்றிலும் நாலு துண்டு வெட்டி வைத்தால் சோதனை நடந்த மாதிரி தெரியும். நாக்கு வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது தண்ணீரின் வித்தியாசமா, இரண்டாவது சட்டி கொஞ்சம் கூடுதலாகக் காய்ந்ததா? எட்டுத் துண்டு என்பது எட்டுச் சாட்சி அல்ல, இரண்டே சாட்சி. எட்டுச் சட்டி கிண்ட வேண்டும்; எது முதலில், எது பிறகு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய வேண்டும். அச்சேறிய ஆராய்ச்சிகளிலேயே பலதும் சறுக்குகிற இடம் இது.

ருசி அவரவர் நாக்கைப் பொறுத்தது, அதை எப்படி அளப்பது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எது பிடிக்கிறது என்பது அவரவர் பாடுதான். ஆனால் எது வேறு என்று கண்டுபிடிப்பது அப்படி அல்ல; மூன்று துண்டு கொடுத்து எது மற்ற இரண்டோடு சேரவில்லை என்று கேட்டால், பதில் சரியாக இருக்கும், அல்லது தவறாக இருக்கும். உணவுத் தொழிலில் அன்றாடம் நடக்கிற சோதனை அது. இதற்கு எதிர்ப்பக்கத்து அவசரமும் உண்டு. சோதித்தவர்களால் பிரித்தறிய முடியவில்லை என்றால், தண்ணீர்க் கதை பொய் என்று உடனே கொட்டிவிடுவார்கள். அதுவும் செல்லாது. பத்துப் பேருக்குத் தெரியாத சின்ன வித்தியாசம் நூறு பேரில் தெரியலாம். சோதனை எவ்வளவு சின்ன வித்தியாசம் வரை பிடிக்கக்கூடியது என்பதை முன்கூட்டியே சொல்லாதவருக்கு, வித்தியாசம் இல்லை என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை கிடையாது.

இந்த அற்ப விஷயத்துக்கு இவ்வளவு மெனக்கெடவா என்ற கேள்வியை நான் ஏற்கவில்லை. ஒரு பொருளின் தரமோ புகழோ அது விளையும் இடத்தால் அமைகிறது என்பதே நம் நாட்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் அடிப்படை. 2023-ல் அந்தக் குறியீடு பெற்ற மணப்பாறை முறுக்குக்கும் அந்த ஊர்த் தண்ணீர்தான் காரணம் என்று சொல்கிறார்கள். சட்டமே கேட்கிற கேள்வி அற்பமாக முடியாது. வேடிக்கையாகத் தெரிகிற கேள்வியும் அப்படித்தான். பொதிகைக்கு அந்தப் பக்கம் திருச்சூரில், கேரள வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்ரீகுமாரும் நிர்மலனும் யானையின் தோல்பரப்பு எவ்வளவு என்று ஆராய்ந்து 1990-ல் வெளியிட்டார்கள். முதலில் சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு 2002-ல் அதற்குக் கிடைத்தது. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் ஒரு விலங்கின் உடல் வெப்பம் எப்படி வெளியேறுகிறது என்று கணக்கிடப் பரப்பளவு வேண்டும். யானையின் உடம்பு முழுக்க நாடா பிடித்து அளக்க எந்தப் பாகனும் விடமாட்டான். அவர்கள் செய்தது, உயரத்தையும் முன்காலின் சுற்றளவையும் அளந்தாலே பரப்பைக் கணிக்க ஒரு சூத்திரம் தந்தது. அடுத்த யானையில் அளந்து பார்த்து அது தப்பு என்று யாரும் காட்டிவிட முடியும் என்பதால்தான் அது நல்ல ஆராய்ச்சி. கேள்வியின் கம்பீரத்தை வைத்து ஆராய்ச்சியை எடை போடுகிற பழக்கம் எனக்கு ஆபத்தாகவே படுகிறது. கம்பீரமான கேள்விக்குச் சொத்தையான சோதனை நடக்கும்போது அதைத் தட்டிக் கேட்க வாய் வராமல் போகும்.

இதே தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் அப்படி ஒரு கம்பீரமான கேள்வி இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என்று 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரி 23-ல், அதே சிவகளையின் கரி மாதிரிகளில் மிகப் பழையது கி.மு. 3345 என்றும், தமிழகத்தில் இரும்பின் காலம் அங்கே தொடங்குகிறது என்றும் தமிழ்நாடு தொல்லியல் துறையின் 'இரும்பின் தொன்மை' அறிக்கை வந்தது. அதற்கு முன் 2022-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையை வைத்துச் சொல்லப்பட்டது கி.மு. 2172, மூன்றே ஆண்டில் கணக்கு ஆயிரத்துச் சொச்சம் வருஷம் பின்னால் போயிருக்கிறது. மாதிரிகள் ஃபுளோரிடாவின் பீட்டா அனலிட்டிக், லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவனம், அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகம் என்று பல இடங்களுக்குப் போயின. பானை ஓடுகளின் ஒளித்தூண்டல் காலக்கணிப்பு கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டைக் காட்டியது. ஒரே கூட்டத்தாரின் ஒரே முறையை மட்டும் நம்பாமல் செய்தது பாராட்ட வேண்டிய வேலை. ஆனாலும் டீக்கடைக் கேள்வி ஒன்று இங்கே எழுந்தே தீரும்: வயசு பார்த்தது எதுக்கு, இரும்புக்கா, பக்கத்துல கெடந்த கரிக்கா? கரிக்குத்தான். வைரம் பாய்ந்த கட்டையின் நடுப்பகுதி, மரத்தை வெட்டுவதற்கு நூறு இருநூறு வருஷம் முன்பே வளர்ச்சியை நிறுத்தியிருக்கலாம். கரிமக் கடிகாரம் அன்றிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். நெல் ஒரு போகத்துப் பயிர், அதில் இந்தச் சிக்கல் கிடையாது. அதனால் வருஷம் குறைவாக இருந்தாலும், கி.மு. 1155 என்ற உமியின் தேதி என் கண்ணுக்கு இன்னும் உறுதியாகத் தெரிகிறது. இந்தப் பழைய மரச் சிக்கல் சில நூற்றாண்டுகளைத்தான் விழுங்கும், இரண்டாயிரம் வருஷத்தை விழுங்காது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பெரிய கேள்வி வேறு: அந்தக் கரியும் அந்த இரும்பும் ஒரே காலத்தில்தான் மண்ணுக்குள் போயினவா? மூன்று ஆய்வகம் அல்ல, முப்பது ஆய்வகம் கரியின் வயதைச் சரியாகச் சொன்னாலும் இதற்குப் பதில் அங்கிருந்து வராது. தோண்டிய குழியின் மண்ணடுக்கிலிருந்துதான் வர வேண்டும்.

இப்படிக் கேட்பது தமிழின் பெருமையைக் குறைப்பதாகும், நம் தொன்மையை மறுக்கக் காத்திருப்பவர்களுக்கு ஆயுதம் கொடுப்பதாகும் என்ற கவலையை நான் புறந்தள்ளவில்லை. 1876-ல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் இதே பள்ளத்தாக்கின் ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். மத்தியத் தொல்லியல் துறை 2004-ல் அங்கே தோண்டியதன் அறிக்கைக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. இந்த மண்ணின் சான்றுகள் அலட்சியப்படுத்தப்பட்ட வரலாறு உண்மை. அதன் வலியும் உண்மை. ஆனால் சந்தேகத்தை நாமே முதலில் எழுப்பி, நாமே பதில் தேடியிருந்தால், வெளியார் எழுப்பும்போது பதில் கையில் இருக்கும். இங்கே தேடுவதற்கு வழியும் இருக்கிறது. தாதுவைக் கரி போட்டு உருக்கும்போது அந்தக் கரியின் கார்பன் இரும்புக்குள்ளேயே கொஞ்சம் தங்கும். முழுக்கத் துருப்பிடிக்காத துண்டு ஒன்று கிடைத்தால் இரும்பையே நேரடியாகக் காலக்கணிப்புக்கு அனுப்பலாம். மிகப் பழைய தேதி தந்த குழிகளிலேயே தானியமோ விதையோ இருந்தால், கரியோடு சேர்த்து அதையும் அனுப்ப வேண்டும். எதிர்பார்த்ததைவிட ஆயிரம் வருஷம் பிந்திய தேதி வந்தாலும் அதையும், ஒவ்வொரு மாதிரியும் எந்தக் குழியில், எத்தனை அடி ஆழத்தில், இரும்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் கிடந்தது என்ற வரைபடத்தையும் ஒரே அறிக்கையில், அதே பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும்.