ஸ்டெம் செல் ஊசி: கையெழுத்துக்கு முன் மூன்று கேள்விகள்

"முழங்கால் வலிக்கு ஏதோ ஸ்டெம் செல் ஊசியாமே! ஆராய்ச்சியில் சேர்ந்தால் போடுவாங்களாம். சேரட்டுமா?" என்று எதிர்வீட்டு மாமி கேட்டார். ஆராய்ச்சி என்றதும் நமக்கெல்லாம் ஒரு மரியாதை வந்துவிடுகிறது. ஆனால் அது எந்த மாதிரி ஆராய்ச்சி என்று தெரிய வேண்டாமா? இதற்காகவே நான் கொஞ்சம் படித்துப் பார்த்தேன்.

ஸ்டெம் செல் என்பது மூல அணு. எலும்பு மஜ்ஜையிலுள்ள மூல அணுக்கள்தான் தினமும் நமக்குப் புது ரத்தம் தருகின்றன. பழுதான உறுப்பைப் புதுப்பிக்க இத்தகைய அணுக்களைப் பயன்படுத்திப் பார்க்கும் துறைதான் மீளுருவாக்க மருத்துவம்.

இதில் டாக்டர்கள் பலர் சேர்ந்து செய்யும் ஒரு வகை ஆராய்ச்சி, கவனித்து எழுதி வைப்பது. யாருக்கு, என்ன வயதில், என்ன சிகிச்சை, ஒரு வருஷம் கழித்து எப்படி இருக்கிறார் என்று எழுதுவார்கள். நம் பால் கணக்கு மாதிரிதான். பால் வந்த நாளை மட்டும் எழுதி, வராத நாளை விட்டால் கணக்கு என்னாகும்?

1972-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு இப்படி ஒரு சர்வதேசப் பதிவேடு தொடங்கினார்கள். அப்போது ஒரு ஆஸ்பத்திரிக்குச் சிலரே நோயாளிகள். பிழைத்தவர், பிழைக்காதவர் எல்லோரையும் பல ஊர் டாக்டர்கள் ஒரே ஏட்டில் சேர்த்த பிறகே, யாருக்குப் பலன் என்பது தெளிய ஆரம்பித்தது.

ஏட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. முழங்கால் வலி சில நாள் கூடும், சில நாள் தானே குறையும். குறைந்தது ஊசியாலா, தானாகவா? ஊசி போடாதவர்களோடும் ஒப்பிட்டால்தான் தெரியும்.

2015-ல் ஃப்ளோரிடாவில் மூன்று வயதான பெண்கள் ஆளுக்கு 5,000 டாலர் கட்டி, தங்கள் கொழுப்பிலிருந்து எடுத்த அணுக்களை இரண்டு கண்ணிலும் ஊசியாகப் போட்டுக்கொண்டார்கள். ஆராய்ச்சி என்று நம்பியே போனவர்களும் அவர்களில் உண்டு. மூவருக்குமே பார்வை பெரிதும் பறிபோயிற்று.

நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது: அங்கீகாரம் பெற்ற சில ரத்த நோய் சிகிச்சைகள் தவிர, மற்ற ஸ்டெம் செல் சிகிச்சையெல்லாம் முறையான ஆய்வுக்குள்தான் நடக்க வேண்டும். ஆய்வில் சேருகிறவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது.

ஆகவே, யாராவது காகிதத்தை நீட்டினால் இந்த மூன்றையும் கேளுங்கள்:

1. இது அரசின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவானதா? நெறிமுறைக் குழுவின் அனுமதியும் இருக்கிறதா? (பதிவு மட்டும் போதாது!)

2. என்னிடம் பணம் வாங்குவீர்களா?

3. குணமாகாதவர்களையும் எழுதுகிறீர்களா? என்னை எத்தனை வருஷம் கவனிப்பீர்கள்?

நல்ல டாக்டர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். உட்காரவைத்து விளக்கிச் சொல்லுவார். பதில் மழுப்பலாக வந்தால், பேனாவை மூடிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.