கருவின் உணவும் தாயின் இரும்பும்

அம்பத்தூர் சென்னை மாநகராட்சியிலும், ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சியாகவும், பூவிருந்தவல்லி நகராட்சியாகவும் இருந்தாலும், இங்குக் கருவுறும் பெண்களுக்குப் பிக்மி எண் எனப்படும் பதிவு பொதுவானது. வளைகாப்பு முடிந்ததும் தாய்வீடு செல்லும் வழக்கம் நீடிக்கும் இப்பகுதியில், ஊர் மாறினாலும் பரிசோதனை விவரங்கள் தொடர்வதற்கு அவ்வெண் துணைசெய்கிறது. அவ்விவரங்களுள் முதன்மையானது, உயிர்வளியைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினின் அளவு. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் அது 11 கிராமுக்குக் குறைந்தால் கர்ப்பிணிக்கு இரத்தசோகை எனக் கொள்ளப்படும். 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 விழுக்காட்டினர் அந்நிலையில் இருந்தனர். மருத்துவமனைப் பிரசவத்தில் முன்னணியில் நிற்கும் மாநிலத்துக்கு இது பெருமை தருவதன்று.

தாயின் இரத்தமும் கருவின் இரத்தமும் நேரடியாகக் கலப்பதில்லை. கருப்பையின் சுவரில் பதிந்திருக்கும் நஞ்சுக்கொடி என்னும் உறுப்பின் மெல்லிய திசு வழியாகவே குளுக்கோஸ், அமினோ அமிலம், உயிர்வளி, இரும்பு ஆகியவை கருவை அடைகின்றன. ஒரு கர்ப்பகாலத்துக்கு ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் இரும்பு தேவைப்படுகிறது; அதில் 300 மில்லிகிராம் அளவு கருவுக்கும் நஞ்சுக்கொடிக்கும் போக, எஞ்சியதில் பெரும்பகுதி தாயின் இரத்தம் பெருகுவதற்குச் செலவாகிறது. முருங்கைக்கீரை நல்ல உணவுதான். ஆனால் கீரையின் இரும்பை உடல் குறைவாகவே ஈர்ப்பதால், அதை மட்டும் நம்பி இத்தேவையை ஈடுகட்ட இயலாது.

இதற்காகவே 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட சத்து மாத்திரை, நாளுக்கு ஒன்றாக 180 நாள்களுக்கு அரசு நிலையங்களில் இலவசமாக வழங்கப்படுகிறது. அதை விழுங்கினால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை. கறுப்பது மலம் மட்டுமே. இரும்பு உடலில் சேர்வதற்கு உண்மையான தடை தேநீரே. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பணியாற்றும் பெண் சிற்றுண்டி, மாத்திரை, டீ மூன்றையும் ஒரே இடைவேளையில் முடித்துக்கொண்டால், தேயிலையின் டானின் இரும்பைப் பிணைத்து உடலில் சேரவிடாது. கால்சியம் மாத்திரையையும் வேறு வேளைக்குத் தள்ள வேண்டும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ துணைநின்றால் இரும்பு எளிதில் சேரும்.

மாத்திரையோடு அரசின் நிதியுதவியும் உண்டு. 1987இல் தொடங்கப்பட்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம், இன்று ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புடையது. பெட்டகத்தின் நெய்யும் பேரீச்சம்பழமும் வீட்டில் எல்லோர் தட்டுக்கும் போய்விடுவது வேறு கதை.

தாயின் இரும்பு இருப்பு மீள அடுத்த கருவுக்கு இடைவெளியும் வேண்டும். ஆனால் குடும்பக் கட்டுப்பாடு என்றதும் இங்கு நினைவுக்கு வருவது பெண்ணுக்கான அறுவைச் சிகிச்சைதான். அதே தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டின் மணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் அதைச் செய்துகொண்டிருந்தனர். அதைவிட எளிய ஆண் கருத்தடை அறுவையோ ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. இரண்டாவது குழந்தையோடு நிறுத்துவதில் காட்டும் உறுதி, முதல் குழந்தைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி விடுவதில் பல வீடுகளில் இல்லை. பிரசவமான 48 மணி நேரத்துக்குள் பொருத்தக்கூடிய காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி ஆகியவை அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. திட்டமிட்ட கருத்தரிப்பில் மற்றொரு நன்மையும் உண்டு: மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் முதல் நான்கு வாரங்களில், அதாவது பலர் கருவுற்றதை அறியுமுன்பே, மூடிக்கொள்வதால், அதற்குத் தேவையான ஃபோலிக் அமிலத்தை முன்கூட்டியே தொடங்க வேண்டும்; திட்டமிட்டால் அதற்கு வாய்ப்புண்டு.

பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள்களுக்கு அதே இரும்புச் சத்து மாத்திரையைத் தொடர வேண்டும் என்பது அரசின் வழிகாட்டுதல். கர்ப்பத்தில் கரைந்த இரும்பு இருப்பு மீண்டும் நிரம்பும் காலம் அதுவே. குழந்தை பிறந்துவிட்டது என்று மாத்திரை அட்டை அலமாரிக்குப் போவதும் பெரும்பாலும் அப்போதுதான்.