அட்டை ஏன் வரவில்லை?

கண்டியில் ஹட்டன் பஸ் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தால் நிம்மதியாக வாசிக்கலாம். நண்பர் ஒருவர் 400 பக்க விழா மலரின் இணைப்பை அனுப்பியிருந்தார். பேராதனையில் தட்டினேன். கம்பளை வந்தது, மலரின் அட்டை வரவில்லை. நாவலப்பிட்டி தாண்டி மலை ஏறியதும் சிக்னலும் போய்விட்டது.

கோப்பு பெரிது என்பது பாதிக் காரணம்தான். அடோபி நிறுவனம் 1993இல் வெளியிட்ட பிடிஎஃப் வடிவத்தில் பக்கம், படம், எழுத்துரு எல்லாம் தனித்தனித் துண்டுகள். எந்த ஒழுங்கிலும் கிடக்கலாம். எந்தத் துண்டு எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்ற அட்டவணை கோப்பின் வாலில் இருக்கிறது. எழுதும் மென்பொருளுக்கு எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகுதானே இடங்கள் தெரியும்! திருத்தம் வந்தாலும் பழையதைத் தொடாமல், புதியதையும் இன்னோர் அட்டவணையையும் கடைசியில் ஒட்டிவிடலாம். வன்தட்டுக்கு நல்ல ஏற்பாடு. பஸ்ஸில் வாசிப்பவனுக்கு அல்ல: வால் வந்து சேரும்வரை அட்டை எங்கே என்று தெரியாது. ‘இந்தத் துண்டு மட்டும் போதும்’ என்று உலாவி கேட்டால், இசைகிற சேவையகம் 206 என்ற குறியெண்ணோடு அதை மட்டும் தரும். இசையாவிட்டால் முழுக் கோப்பும் இறங்கவேண்டியதுதான்.

இதற்கு மருந்து 1996இலேயே வந்துவிட்டது. முதல் பக்கத்துக்கு வேண்டிய துண்டுகளையும் அவற்றின் அட்டவணையையும் தலைப்பக்கம் நகர்த்துவதுதான் அது. ‘கியூபிடிஎஃப்’ என்ற இலவசக் கருவி ஒரே கட்டளையில் செய்துவிடும். இருந்தும் பலர் செய்வதில்லை. அலுவலக இணைப்பில் எல்லாம் வேகமாகத்தானே திறக்கிறது.

ஸ்கான் செய்த நூல்களுக்கு இன்னொரு பாரம். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ போன்ற மின்னூலகங்களால் ஈழத்து, மலையக நூல்களைப் பக்கப் படங்களாகவே பார்க்கிறோம். அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் ஒரு ஏ4 வண்ணப் பக்கம், சுருக்கம் பிரிந்து நினைவகத்தில் விரியும்போது சுமார் 35 எம்பி. அப்படி நானூறு பக்கங்களை விரித்தால் போன் தாங்காது. அதனால் ஃபயர்ஃபாக்ஸில் இருக்கும் ‘பிடிஎஃப் ஜேஎஸ்’, கண்ணில் படும் பக்கங்களையும் அக்கம்பக்கத்தையும் மட்டும் வரைந்துவிட்டு, கடந்துபோனவற்றைக் கைவிடுகிறது.

வீட்டில் அந்த மலரை கியூபிடிஎஃப்பால் ஒழுங்குபடுத்தினேன். அட்டை உடனே வந்தது. ஆசையோடு ‘அம்மா’ என்று தேடினேன். கண்ணெதிரே தலைப்பிலேயே அந்தச் சொல் இருக்க, ‘இல்லை’ என்றது. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் மாட்டும் பாமினி எழுத்துருவில் கோத்த மலர் அது. கோப்புக்குள் இருந்தது அம்மா அல்ல: எம், கே, அரைப்புள்ளி, கே, எச்.